சோறு போட்ட கை: லெ காரேயின் சிறந்த நாவல் எது?

என்னிடம் உள்ள ‘த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்’ பிரதியின் கடைசிச் சில தாள்களில் மேல்விளிம்பைக் கரையான் அரித்திருக்கிறது. எழுத்துகள் வரை அது வரவில்லை. எங்கள் தாத்தா மலேசியாவில் ஒரு தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் புறப்பட்டபோது வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பெட்டிப் புத்தகங்களை, அடுப்பெரிக்க ஆகும் என்று தாத்தா தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அப்பாதான் அந்தப் பெட்டியை அடுப்புக்குப் போகவிடாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்த விடுமுறையில், பதினேழு வயதில், வேறு படிக்க ஒன்றும் இல்லாத ஒரு மழைநாளில் நான் அதைத் திறந்தேன். ஆங்கில உளவு நாவலாசிரியர் ஜான் லெ காரே எனக்கு அப்படித்தான் அறிமுகமானார்.

இப்போது சுங்கை சிப்புட் நகரில் ஓர் ஒட்டுக்கடையில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஐந்து பேர் கூடுகிறோம். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சார் ஒருவர், மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற அக்கா, ஈப்போவில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கும் என் நண்பர், பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் ஒரு தம்பி, நான். ஐவருமே ஏதோ ஒரு தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, நகரத்துக்கு வந்த குடும்பத்தினர். கடந்த சில மாதங்களாக எங்கள் பேச்சு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடக்கிறது: லெ காரே எழுதியவற்றில் சிறந்த நாவல் எது? டேவிட் கார்ன்வெல் என்ற இயற்பெயருடன் 1931இல் பிறந்து, பிரிட்டனின் எம்ஐ5, எம்ஐ6 ஆகிய இரண்டு உளவு அமைப்புகளிலும் பணியாற்றி, 2020 டிசம்பரில் மறைந்த அவர், 1961 முதல் எழுதியவை, மறைவுக்குப் பின் 2021இல் வந்ததையும் சேர்த்து, 26 நாவல்கள். அவற்றில் ஐந்துதான் எங்கள் மேசையில் மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் முடிவுகளையும் சொல்லித்தான் பேசப்போகிறேன் என்பதால், இன்னும் வாசிக்காதவர்கள் வாசித்துவிட்டு வருவது நல்லது.

தம்பி முன்வைப்பது 1977இல் வெளிவந்த ‘த ஆனரபிள் ஸ்கூல்பாய்’. ஹாங்காங், வியந்தியான், நோம்பென், வடகிழக்குத் தாய்லாந்து என்று நம் வட்டாரத்தில் கால் பதித்து நடக்கும் நாவல் அது. லண்டன் மழையையும் பெர்லின் சுவரையும் விட இந்த வெயிலும் புழுதியும் தனக்கு நெருக்கமாக இருப்பதாக அவர் சொல்கிறார். அந்த நாவல் பிறந்த விதத்தை லெ காரே வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தைய நாவலில், ஹாங்காங்கிலிருந்து கவுலூனுக்குப் படகில் கடக்கும் காட்சி ஒன்றை, நேரில் போகாமலே ஒரு பழைய வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதிவிட்டார். பிறகு அங்கே போனபோதுதான், 1972இலேயே கடலுக்கடியில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டுவிட்டது தெரிந்தது. இனிக் கண்ணால் காணாத இடத்தை எழுதுவதில்லை என்று அன்று முடிவெடுத்தவர், அடுத்த நாவலுக்காகப் போர் நடந்துகொண்டிருந்த கம்போடியாவுக்கே போனார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் வரும் சீனர்களான கோ சகோதரர்களின் பாசத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், நம் நிலம் வரும் அளவுக்கு நம் மனிதர்கள் அதில் வரவில்லை. வயலும் வெடிச்சத்தமும் நினைவில் நிற்கின்றன. வயலில் நின்றவரின் முகம் நிற்கவில்லை.

என் நண்பரின் தேர்வு 1986இல் வந்த ‘எ பெர்ஃபெக்ட் ஸ்பை’. போருக்குப் பின் வந்த ஆங்கில நாவல்களில் இதுவே சிறந்தது என்று அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத் பாராட்டிய நூல் இது. லெ காரேயின் தந்தை ரானி கார்ன்வெல் ஊரை ஏமாற்றிப் பிழைத்து, சிறைக்கும் போய்வந்தவர். தாய், பிள்ளைக்கு ஐந்து வயதானபோது வீட்டைவிட்டுப் போய்விட்டார். 1975இல் தந்தை இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, அந்த மனிதரை ரிக் பிம் என்ற பாத்திரமாக்கி, அவர் மகன் மேக்னஸ் பிம் எப்படி ஒரு குறையில்லாத உளவாளியாக, அதாவது எவரிடமும் அவரவர் விரும்பும் முகத்தைக் காட்டத் தெரிந்தவனாக வளர்ந்தான் என்று லெ காரே எழுதினார். என் நண்பரின் தந்தை தோட்டத்தில் சீட்டுப் பிடித்தவர். லயத்தில் பாதி வீடுகளின் சேமிப்பு அவர் கையில் இருந்தபோது, ஒருநாள் விடியுமுன் ஊரைவிட்டுப் போய்விட்டார். அப்போது நண்பருக்குப் பன்னிரண்டு வயது. அந்த நாவலை வாசித்தபோது, தன் அப்பா, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைத்துச் சிரித்துப் பேசிய குரல் அப்படியே காதில் கேட்டதாக அவர் சொல்வார். எழுத்தின் உச்சம் எது என்று மட்டும் கேட்டால், நானும் அந்த நூலைத்தான் கையில் எடுப்பேன். அதில் எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான்: அறுநூறு பக்கங்களை நெருங்கும் அந்த நூலில் நாம் பிம்மின் மனத்தை விட்டு வெளியே வருவது அரிது. ஏமாந்தவர்களின் வாசலில் போய் நிற்க நேரமே கிடைப்பதில்லை.

அக்கா 2001இல் வந்த ‘த கான்ஸ்டன்ட் கார்டனர்’ நாவலைவிட்டு அசைவதில்லை. காசநோய்க்கான புதிய மருந்து ஒன்றைக் கென்யாவின் ஏழைகள்மீது சோதித்து, அதனால் நேர்ந்த சாவுகளை மறைக்கும் நிறுவனத்தை எதிர்த்து நிற்கும் டெஸ்ஸா என்ற பெண்ணின் கொலையிலிருந்து தொடங்கும் கதை அது. அக்கா பணியில் இருந்த காலத்தில், காசநோயாளிகள் மாத்திரைகளைத் தம் கண்முன்னே விழுங்குவதைப் பார்த்து, அட்டையில் ஒவ்வொரு நாளுக்கும் குறியிட்டு வந்தவர். ஆறு மாதம், ஒரு நாளும் தவறக்கூடாது. நீட்டிய உள்ளங்கையில் மாத்திரையை வைத்தால், அது என்ன மருந்து என்று ஒருவரும் கேட்டதில்லை என்றும், தாதி கொடுத்தால் நல்லதுக்குத்தான் என்று தண்ணீரோடு விழுங்கிவிடுவார்கள் என்றும் சொல்லிவிட்டு, “அந்த நம்பிக்கையில கைவைக்கிறவன் மனுசனா, தம்பி?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்த நாவலை மறுத்துப் பேச எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. அக்கா அதைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்த நாவல் என்னோடு பேசவில்லை என்பதே உண்மை.

விவாதம் சூடுபிடிப்பது சாரோடுதான். அவருடைய நூல் 1974இல் வந்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’. பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியிலேயே சோவியத் ஒற்றன் ஒருவன் அமர்ந்திருக்கிறான். அவன் யார் என்பதை, பணியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலி பழைய கோப்புகளைப் புரட்டியும் பழைய மனிதர்களைக் கேட்டும் கண்டுபிடிக்கிறார். ஆனால் சார் பேசத் தொடங்கினால் ஸ்மைலியைப் பற்றிப் பேசமாட்டார், பில் ரோச் என்ற பையனைப் பற்றித்தான் பேசுவார். துரோகத்தால் முதுகில் குண்டு வாங்கிய ஜிம் பிரிடோ, ஒரு கிராமப்புறப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக வந்து ஒளிந்துகொள்கிறார். பெற்றோர் பிரிந்துபோன, மூச்சிரைப்பு உள்ள, எதிலும் பின்தங்கிய பில் ரோச் அவர் வருவதை முதலில் பார்க்கிறான். நீதான் இங்கே சிறந்த கவனிப்பாளன் என்று ஜிம் அவனிடம் சொல்கிறார். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற சார், அந்த ஓர் இடத்தைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கிறார். எதற்கும் உதவாதவன் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு, அவனிடம் உள்ள ஒரே திறமையைப் பெயர்சொல்லிக் காட்டிய ஆசிரியர் ஜிம் என்பது அவர் வாதம். அதைச் சொல்லும் உளவு நாவல் வேறெதுவும் இல்லை என்பார்.

அவர் இன்னொரு காரணமும் சொல்வார். அந்தக் கதை நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த வியட்நாமியரான லாய் டெக், முதலில் பிரிட்டிஷாருக்கும் பிறகு ஜப்பானியருக்கும் ஒற்றனாக இருந்தார். 1942 செப்டம்பர் 1ஆம் நாள் பத்துமலைக்கு அருகே கட்சியின் முன்னணியினரும் எதிர்ப்புப் படைத் தலைவர்களும் கூடியிருந்த இடத்தை ஜப்பானியர் சுற்றி வளைத்துப் பலரைக் கொன்றபோது, கூட்டத்துக்கு வரவேண்டிய லாய் டெக் மட்டும் வந்து சேரவில்லை. 1947இல் கட்சி அவரைக் கேள்வி கேட்கக் கூடியபோது, கட்சிப் பணத்தோடு மறைந்துபோனார். அவருக்குப் பின் தலைமைக்கு வந்தவர் நம் பேராக் மாநிலத்தின் சித்தியவானில் பிறந்த சின் பெங். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகும்போதெல்லாம், படிக்கட்டின் கீழே நின்று சார் அந்தச் செப்டம்பர் காலையை நினைத்துக்கொள்வாராம். “வினைசெய்வார் தம்சுற்றம் வேண்டாதார்” என்று ஒற்றாடல் அதிகாரத்திலிருந்து தொடங்கி, தன்னிடம் பணிசெய்பவர், தன் உறவினர், தன் பகைவர் மூவரையும் ஒருசேர ஆராயச் சொன்ன வள்ளுவரை லண்டனில் ஒருவரும் படிக்காததால்தான் நாவலின் அந்தச் சோவியத் ஒற்றன் பில் ஹேடன் அத்தனை ஆண்டுகள் ஒளிந்திருக்க முடிந்தது என்று முடிப்பார்.

அந்த அதிகாரத்தின் முதல் குறள், ஒற்றையும் நூலையும் அரசனின் இரண்டு கண்கள் என்கிறது. மலாயில் ‘மாத்தா’ என்றால் கண். ‘மாத்தா மாத்தா’ என்றால் ஒற்றன். எங்கள் பாட்டி தலைமுறைக்குப் போலீஸ்காரருக்கும் அதே சொல்தான். ஒற்றனையும் நூலையும் ஒரே தட்டில் வைத்த மொழியில் பிறந்த நாம், ஒற்றனைப் பற்றிய நூலை அக்கறையோடு எடைபோட வேண்டியவர்கள் என்றே எனக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பத்துக் குறள்களும் அரசனிடம் சொல்லப்பட்டவை. ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்கிற 589ஆம் குறளை, ஆளப்படும் ஒற்றனின் பக்கத்திலிருந்தும், அவனுக்கு வேண்டியவளாகிப் போனதால் நடுவில் அகப்பட்டவளின் பக்கத்திலிருந்தும் படித்தால் என்ன தெரியும்? அதைத்தான் 1963இல் வந்த ‘த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்’ என்ற அந்தச் சிறிய நாவல் எழுதியது.

லெ காரேக்கு அப்போது முப்பது வயதை ஒட்டி. அன்றைய மேற்கு ஜெர்மனித் தலைநகர் பானில் பிரிட்டிஷ் தூதரகத்தில் பணி; 1961 ஆகஸ்டில் எழும்பிய பெர்லின் சுவரை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வேலைக்கு நடுவே சில வாரங்களில் எழுதிய நாவல் அது. பிரிட்டிஷ் உளவுத்துறையின் பெர்லின் நிலையத் தலைவர் அலெக் லேமாஸ் தன் ஆட்களை ஒருவர் பின் ஒருவராகக் கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையின் முண்ட்டிடம் பறிகொடுத்தவர். முண்ட்டைப் பழிவாங்க ஒரு வாய்ப்பு என்று சொல்லி, அவரைக் குடிகாரராகவும் கடன்காரராகவும் நடிக்கவைத்து எதிரிகளிடம் விலைபோகச் செய்கிறார்கள். நடிப்பின் இடையில் ஒரு நூலகத்தில் வேலைக்குச் சேரும் லேமாஸை, அங்கே பணிபுரியும் லிஸ் கோல்ட் என்ற இளம்பெண் நேசிக்கிறாள். கிழக்கு ஜெர்மனியில் நடக்கும் விசாரணையில்தான் உண்மை வெளிப்படுகிறது. முண்ட் லண்டனின் ஆள். அவனைச் சந்தேகித்த நேர்மையான அதிகாரி ஃபீட்லரை அழித்து முண்ட்டைக் காப்பாற்றுவதற்கே இத்தனையும். அதற்கு லேமாஸின் வெறுப்பு ஒரு கருவி, லிஸ்ஸின் அன்பு இன்னொரு கருவி. அவளுடைய வீட்டுக் குத்தகைத் தொகையை எவரோ அன்போடு தீர்த்துவைத்தார்கள் என்று அவள் நினைத்திருக்க, அந்த அன்பையே சாட்சியாக்கி வழக்கை முடிக்கிறார்கள்.

சார் இதை எளிதில் விடவில்லை. ‘டிங்கர் டெய்லர்’ நாவலிலும் ஐரினா இருக்கிறாளே என்றார். ஹாங்காங்கில் தப்பிவர விரும்பிய அந்த ரஷ்யப் பெண், காப்பாற்றுவார்கள் என்று நம்பியவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, தூக்குப்படுக்கையில் விமானம் ஏற்றப்படுகிறாள். அது நியாயமான கேள்வி. ஆனால் ஐரினாவை நாம் இன்னொருவன் சொல்லித்தான் அறிகிறோம். அவளுக்காகத் துயரப்படக்கூட நேரமில்லாமல் கதை உச்சியில் இருக்கும் நான்கு பேரைத் தேடிப் போய்விடுகிறது. அக்காவின் மறுப்பு இன்னும் வலுவானது. லிஸ் ஒரு முழுப் பெண்ணாக எழுதப்படவில்லை, நேசிப்பதையும் காத்திருப்பதையும் தவிர அவளுக்கு ஆசிரியர் ஒன்றும் கொடுக்கவில்லை, டெஸ்ஸா போராடுகிறாள், லிஸ் அழுகிறாள் என்றார் அக்கா. முன்பாதியைப் பொறுத்தவரை அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். பின்பாதியில், சுவரை நோக்கி விரையும் காரில், லேமாஸ் தன் தொழிலுக்கு நியாயம் சொல்லும்போது பணியாமல் எதிர்த்துப் பேசுகிறவள் லிஸ்தான். தன்னிடம் கனிவாக நடந்துகொண்ட ஃபீட்லர் என்ன ஆவார் என்று கேட்கிறவள் அவள் ஒருத்திதான். மனிதருக்குள் இருக்கும் மனிதத்தன்மையைக் கண்டெடுத்து, அதையே ஆயுதமாகத் திருப்பிக் கொல்வதற்குப் பயன்படுத்துகிறார்களே, அதுதான் எல்லாவற்றிலும் கொடியது என்று அவள் சொல்கிறாள்.

பதினேழு வயதில் அந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அங்கே அலமாரியின் மேல்தட்டில், நாங்கள் யாரும் சாப்பிடாத ஓர் எனாமல் தட்டு இருந்தது. வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு, ஒரு பக்கம் பூச்சு பெயர்ந்து கறுத்த இரும்பு தெரியும்.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடிய 1960 ஜூலை 31 வரை ஆயிற்று. பாட்டி அதைக் கம்யூனிஸ்டு காலம் என்பார். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகக்கூடாது என்பதற்காக லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் பெண்களை வாசலில் நிறுத்திச் சேலை மடிப்புவரை சோதித்தார்கள். பாட்டியின் பக்கத்து வீட்டில், கணவனை இழந்த ஒருவர் தனியாக இருந்தார். பாட்டி அவரை அக்கா என்றே அழைத்தார். ஓர் இரவு ஓர் இளைஞன் அந்த அக்காவின் பின்கதவைத் தட்டினான். கால் முழுக்க அட்டைக்கடிப் புண், முகம் ஒட்டிப்போயிருந்தது. பசிக்கிறது என்றான். அவர் மறுநாளுக்கு வைத்திருந்த சோற்றையும் கருவாட்டையும் அந்த எனாமல் தட்டில் போட்டுக் கொடுத்தார். நான்காம் நாள் ஒரு ஜீப் வந்தது. அதே இளைஞன், புதுச்சட்டை போட்டுக்கொண்டு, வண்டிக்குள் இருந்தபடியே அந்தக் கதவை விரலால் காட்டினான். அவன் முன்பே சரணடைந்து, யார் யார் சோறு போடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல அனுப்பப்பட்டவன் என்று பிறகுதான் லயத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த அக்காவை விசாரணை இல்லாமல் அடைத்துவைத்துவிட்டு, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. அவர் இங்கேயே பிறந்தவர். அங்கே இறங்கினால் போய்ச்சேர அவருக்கு ஊர் எது என்று பாட்டி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். “சோறு போட்ட கைய காட்டிக் குடுத்துட்டான்யா” என்பார். அந்த இளைஞன்மீதும் பாட்டிக்கு முழுக் கோபம் இருந்ததில்லை. அவனுடைய பசி பொய்யில்லை, தட்டை வழித்துத் தின்றான் என்று அந்தப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தாராம்.

இதை இத்தனை மாத விவாதத்தில் நான் சொன்னதே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். லெ காரேயின் மற்ற நாவல்களில் உளவு என்பதன் அமைப்பும் தந்திரமும் நிறுவனமும் துரோகியின் மனமும் இதைவிட விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. சோறு போட்டதற்காகத் தண்டிக்கப்பட்டவரை நடுவில் உட்காரவைத்து, அவர் வாயால் கேள்வி கேட்கவைத்த நாவல் இது ஒன்றுதான். என் ஓட்டு இதற்குத்தான் என்றேன்.

சார் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், தன் ஓட்டு பில் ரோச்சுக்குத்தான் என்றும், ஆனால் இனி அந்த அதிகாரத்தை முன்போலச் சொல்லிக்கொடுக்க முடியாது என்றும் சொன்னார். பெரிய சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நான் நாவலின் கடைசி வரியைத் தமிழில் சொன்னேன்: சுவரின் மேல் ஏறிவிட்ட லேமாஸ், சுடப்பட்ட லிஸ்ஸிடமே திரும்பி இறங்கிச் சாகும் நொடியில், பெரிய லாரிகளுக்கு இடையே நசுங்கும் ஒரு சிறிய காரையும், அதன் கண்ணாடி வழியாகச் சிரித்துக் கையசைக்கும் பிள்ளைகளையும் காண்கிறார்.

“அந்தப் புள்ளைங்க முன்னாடியே வருவாங்கல்ல?” என்று கேட்டார் அக்கா.

நடுப்பகுதியில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். நெடுஞ்சாலையில் விரைந்து போகும் லேமாஸின் முன்னால் ஒரு சிறு கார் குறுக்கிடுகிறது. மயிரிழையில் மோதாமல் தப்புகிறார்கள். தகப்பனின் முகத்தில் பயம். பின் இருக்கையில் நான்கு பிள்ளைகள் ஒன்றும் அறியாமல் கையசைக்கிறார்கள். லேமாஸ் வண்டியை ஓரமாக நிறுத்துகிறார், கை நடுங்குகிறது. அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கரையான் அரித்த தாள்கள் மடங்காமல் புத்தகத்தை மூடித் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“டெஸ்ஸாவ நான் விட்டுக்குடுக்க மாட்டேன், தம்பி. ஆனா இத மொதல்லேருந்து இன்னொரு தடவ படிக்கணும்.”